விளக்கு வைக்கும் இடம்

பொழுது சாய்ந்து இருள் கவியத் தொடங்கும் வேளையை நம் நாட்டு மக்கள் ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்பார்கள். ‘விளக்கு ஏற்றும் நேரம்’ என்று சொல்வதும் உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால், ஏற்றுவது ஒரு காரியம், வைப்பது வேறொரு காரியம் என்பது விளங்கும். அகல் விளக்கை ஏற்றியவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று ஒரு கணமேனும் நினைத்துத்தான் ஆகவேண்டும். காற்றுப் படாத மாடக்குழியிலா, அடுப்புக்குப் பக்கத்திலா, குழந்தை படுத்திருக்கும் பாய்க்கு அருகிலா என்று பார்த்துத்தான் வைப்பார். மின்சார விளக்கு வந்த பிறகு ஏற்றும் வேலை விரல் நுனியில் முடிந்துவிட்டது. வைக்கும் வேலையோ, வீட்டுக்குக் கம்பி இழுத்த நாளன்று ஒரே தடவையாக, பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய சௌகரியப்படி முடிந்துபோகிறது. அந்த ஒரு தடவை தவறினால் அத்தவறு முப்பது ஆண்டுகளும் நிலைத்துவிடுகிறது. இதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணுகிறேன்.

என் ஊர் இரும்பை. புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் வட்டத்தில் உள்ள சிற்றூர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயில் இங்கே இருப்பதால், ஊர் சிறிதாயினும் பெயர் பெரியது. சுற்றிலும் செம்மண் மேடு, மணிலாக் கொல்லைகள். கிழக்கே போனால் கடல். வடக்கே கழுவெளியைத் தாண்டிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பிறந்து வளர்ந்தது இரும்பையில். ஆசிரியப் பணியில் பெரும்பகுதி கழிந்தது அந்த உப்பளக் கரையில்.

கோயிலைச் சொன்னதனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்போர், நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகள் விடப்பட்ட செய்தியை அடிக்கடி காண்பார்கள். ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற மன்றாடி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் கணக்குக் குறையக் கூடாது. ஆகையால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஒரு சுடருக்கு ஒரு மந்தை! ஒளி அவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தபோது, அதை வீணான இடத்தில் வைப்பார் எவரும் இல்லை. மலிந்த பிறகுதான் நாம் இடம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1971ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. பைக்காராவில் 1932ஆம் ஆண்டிலும் மேட்டூரில் 1937ஆம் ஆண்டிலும் நீர் மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தென்னார்க்காட்டிலேயே, நெய்வேலியில் 1962ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கத் தொடங்கினார்கள். எனினும் எங்கள் பக்கத்தில் கம்பி முதலில் போனது கிணற்றுக்குத்தான், வீட்டுக்கு அன்று. கொல்லையில் மோட்டார் ஓடிப் பல மாதங்களுக்குப் பிறகே கூரையின் கீழ் விளக்கு எரிந்தது.

கம்பி இழுக்க வந்தவர் என் தந்தையாரிடம், “பல்பை எங்கே மாட்டுவது?” என்று கேட்டார். தந்தையார் தயங்கவில்லை. “கூடத்தில், சாமி படத்துக்கு எதிரே மாட்டுங்கள், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியவேண்டும்” என்றார். அப்படியே மாட்டினார்கள். நாற்பது வாட் குண்டு பல்பு. அன்று மாலை தெருவே எங்கள் திண்ணையில் கூடியது. என் தாயார் கூடத்தின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த விளக்கோடுதான் அவர் 1979ஆம் ஆண்டு வரையில் சமைத்தார். ஒரே வீடு, ஒரே கூரை, மின்சாரக் கட்டணமும் மாதந்தோறும் கட்டினோம். ஆனால் வீட்டில் அந்தி முழுதும் வேலை செய்த ஒரே மனிதர் மண்ணெண்ணெய்ப் புகையில் அரிசி களைந்தார். அந்த எட்டு ஆண்டுகளும் கூடத்து விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதி, ஆசிரியப் பயிற்சிக்கும் சென்றவன் நான். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றவே இல்லை. தாயாரும் கேட்டதில்லை.

இனி, பல்பைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். எடிசன் 1879ஆம் ஆண்டில் கரியாக்கிய இழையைக் காற்றில்லாக் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து எரித்துக் காட்டினார். இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அதே காலத்தில் அதே வேலையில் வெற்றி கண்டார். பின்னர் கரி இழைக்கு மாறாக டங்ஸ்டன் என்னும் உலோகக் கம்பி வந்தது. உலோகங்களுள் மிக அதிக வெப்பத்தில் உருகுவது அது. 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். குமிழுக்குள் ஆர்கான் போன்ற வாயுவை அடைத்தால் கம்பி விரைவில் தேய்ந்துபோகாது என்று 1913ஆம் ஆண்டளவில் லாங்மியூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டார். நாம் நெடுங்காலம் பயன்படுத்திய குண்டு பல்பு இவ்வாறு உருவானதே. அதில் ஒரு பெருங்குறை உண்டு. நூறு பங்கு மின்சாரம் செலுத்தினால் ஏறக்குறைய ஐந்து பங்குதான் கண்ணுக்கு ஒளியாகும். மற்றதெல்லாம் வெப்பம். உண்மையில் அதை வெளிச்சமும் தரும் ஓர் அடுப்பு என்றே சொல்லலாம்.

மற்றொரு குறையை நம் கிராமத்தார் புத்தகம் படிக்காமலே அறிவார்கள். அதுதான் வோல்ட்டேஜ் இறங்குதல். வீட்டுக்கு 230 வோல்ட் வரவேண்டும். மாலையில் ஊரார் எல்லோரும் விளக்குப் போடும்போது, கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு 180தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைந்தது. ஒளியும் அவ்வளவுதான் குறையும் என்று எண்ணினால் அது தவறு. குண்டு பல்பின் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். உள்ளே சிவந்த கம்பி மட்டும் தெரியும். “பல்பு இருக்கிறது, வெளிச்சம் இல்லை” என்று அக்காலத்தில் சொல்வார்கள். கேலியாகச் சொன்னதாயினும் பௌதிகப்படி சரியான வாக்கியம்.

அப்படி ஒரு வாக்கியத்தை ஒரு பையன் என்னிடம் சொன்னான். நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அதைச் சொல்லவே இத்தனை பீடிகையும்.

அது 1998ஆம் ஆண்டு. உப்பளக் கரை ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். வாயால் கேட்டால் கணக்கை மளமளவென்று சொல்லுவான். வீட்டுப் பாடமோ பாதியில் நிற்கும். எழுதிய பாதியும் கோடு விட்டுக் கோடு தாவி, ஒரு வரியின்மேல் மற்றொரு வரி ஏறிக் கிடக்கும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அழைத்துக் கேட்டேன்.

“ஏன் முடிக்கவில்லை?”

“வெளிச்சம் வரல்லீங்க சார்.”

“வீட்டில் கரண்டு இல்லையா?”

“இருக்குதுங்க சார்.”

“விளக்கு எரியவில்லையா?”

“எரியுதுங்க சார்.”

“பிறகு என்ன?”

அவன் பேசாமல் நின்றான். விளக்கும் எரிகிறதாம், வெளிச்சமும் வரவில்லையாம்! அடக்கமில்லாத பேச்சு என்று எண்ணி, வகுப்புக்கு வெளியே ஒரு பாடவேளை முழுதும் நிற்கவைத்தேன். பிள்ளையின் வீட்டுச் சூழ்நிலையை அறிந்தே பிள்ளைக்குப் பாடம் சொல்லவேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் நான் படித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் வேறொரு காரியமாக அத்தெருவுக்குப் போக நேர்ந்தது. இருட்டிவிட்டது. அவன் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். கீற்று வேய்ந்த ஒற்றை அறை. குடிசைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த ஒரு விளக்கு இணைப்பு. மீட்டர் கிடையாது, நாற்பது வாட்டுக்கு மேற்படாத ஒரே விளக்குத்தான் எரிக்கலாம். மத்திய அரசும் 1988-89ஆம் ஆண்டில் குடீர் ஜோதி என்ற பெயரில் நாடு முழுவதற்கும் இத்தகைய ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. அந்த வீட்டில் விளக்கு, வாசற்படிக்கு நேர் மேலே, கூரைக் கழியை ஒட்டி மாட்டப்பட்டிருந்தது. கம்பி அங்கே நுழைந்தது. ஆகவே பல்பும் அங்கே நின்றுவிட்டது. விளக்கின் அடியில் தகப்பனாரும் சிறு குழந்தையும் படுத்திருந்தார்கள். பையன் அவர்களைத் தாண்டி, அறையின் உட்கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால். அவனுடைய நிழல் அவன் நோட்டின்மேல் விழுந்திருந்தது. தன் நிழலுக்குள்ளேயே அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே போகவில்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்போது மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒளிக்கு ஒரு விதி உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பலமுறை காட்டியதுதான். ஓர் அட்டையில் சதுரமாகத் துளை செய்து, மெழுகுவத்திக்கு முன்னால் பிடிக்கவேண்டும். ஓர் அடி தூரத்தில் ஒரு கட்டத்தில் விழுந்த வெளிச்சம், இரண்டடி தூரத்தில் நான்கு கட்டங்களில் பரவும்; மூன்றடி தூரத்தில் ஒன்பது கட்டங்களில் பரவும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்கு. மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

நாற்பது வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 400 லூமென் ஒளி தரும். லூமென் என்பது விளக்கிலிருந்து புறப்படும் ஒளியின் மொத்த அளவு. அது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்று அளப்பார்கள். அந்தப் பல்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 32 லக்ஸ் கிடைக்கும். இரண்டு மீட்டரில் 8. மூன்று மீட்டரில் மூன்றரை. பையன் உட்கார்ந்திருந்த தூரம் ஏறக்குறைய மூன்று மீட்டர். வகுப்பறை மேசைக்கு 300 லக்ஸ் அளவில் வேண்டும் என்று விதி செய்வார்கள். நடுப்பகல் வெயிலில் உப்பளத்தில் நின்றால் ஒரு லட்சம் லக்ஸ்! அந்தப் பிள்ளைக்கோ மூன்றரை. வோல்ட்டேஜ் இறங்கினால் ஒன்றரை. அதற்கும் குறுக்கே அவன் நிழல். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. விளக்கு எரிந்தது. வெளிச்சம் வரவில்லை.

திங்கட்கிழமை அவனை அழைத்து, ‘நான் செய்தது தவறு’ என்று சொன்னேன். அவன் மிகவும் கூச்சப்பட்டான். தலைமையாசிரியர் அப்படிச் சொல்வதை எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு படம் வரைந்து வரச் சொன்னேன். வீட்டின் தரையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையவேண்டும். பல்பு இருக்கும் இடத்தில் வட்டம் போடவேண்டும். படிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடவேண்டும். அத்தனை படங்களையும் பள்ளித் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு எழவில்லை. வட்டமும் குறியும் அருகருகே இருந்த படங்கள் மிகச் சில. பெரும்பாலானவற்றில் வட்டம் வாசலில், குறி மூலையில். ஒரு பெண் குறியை வீட்டுக்கு வெளியே, தெரு விளக்குக் கம்பத்தின் அடியில் போட்டிருந்தாள். ஒரு குறும்பன் வட்டத்தைப் போட்டுவிட்டு, குறியைப் போடாமலே விட்டிருந்தான். கேட்டால், “நான் படிக்கிறதே இல்லைங்க சார்” என்றான். அவனுடைய உண்மையையும் மெச்சத்தான் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டி நான் சொன்னவற்றுள் இன்றும் பயன்படுவன சில உண்டு. விளக்கை உயரத்தில் மாட்டுவது பார்வைக்கு அழகு. தாழ்த்தி மாட்டுவது படிப்புக்கு நல்லது. மூன்று மீட்டரில் இருந்ததை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால், புதிய பல்பு வாங்காமலே ஒன்பது மடங்கு வெளிச்சம். கீற்றுக் கூரைக்கு அருகில் குண்டு பல்பு இருந்தால் அதன் சூட்டில் கீற்றுக் கருகித் தீப்பிடிக்கவும் கூடும்; தாழ்த்தினால் அந்த அபாயமும் நீங்கும். வலக்கையால் எழுதுகிறவனுக்கு இடப் பக்கத்திலிருந்து ஒளி வரவேண்டும். இடக்கைக்காரனுக்கு வலப் பக்கத்திலிருந்து. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதை விட்டுவிடக் கூடாது. மண் சுவர் ஒளியைக் குடித்துவிடும்; வெள்ளைச் சுவர் திருப்பித் தரும். வாரம் ஒருமுறை, சுவிட்சை அணைத்து, பல்பு ஆறியபின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். உப்பளக் காற்றில் உள்ள ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து கண்ணாடிமேல் ஏடுபோல் படிந்துவிடும். பித்தளை ஹோல்டர் இக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிப் பழுதாகும். பீங்கான் ஹோல்டர் நாள்படும். மின்கம்பியில் கை வைக்கும் வேலையை மட்டும், எவ்வளவு சிறிதாயினும், அத்தொழில் தெரிந்தவரிடமே விடவேண்டும். ஈரத் தரையும் உப்புக் காற்றும் உள்ள இடத்தில் அது உயிர் விஷயம்.

இன்று குண்டு பல்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதற்குப் பின் பாதரசத்தைச் சிறு அளவில் அடைத்த சுருள் குழல் விளக்குகள் சில ஆண்டுகள் வந்துபோயின. இப்போது எங்கும் எல்.இ.டி. விளக்கு. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் தரும் இத்தகைய சிறு சில்லுகள் முன்பே இருந்தன. நீல ஒளி தருவது கைகூடியபின்தான் அவற்றிலிருந்து வெள்ளை வெளிச்சம் பெற முடிந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டில் 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கி, இவ்விளக்குகள் மலிவாகப் பரவின. அரசு நிறுவனம் 2014இல் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 300 ரூபாய்க்கு மேல். 2016இல் 40 ரூபாய்க்கும் கீழ். ஒன்பது வாட் எல்.இ.டி. ஏறக்குறைய 800 முதல் 900 லூமென் வரை தருகிறது. அதாவது, பழைய நாற்பது வாட் பல்பைப்போல் இரு மடங்கு ஒளி, நாலில் ஒரு பங்குக்கும் குறைந்த மின்சாரத்தில். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் பழையது மாதத்துக்கு ஆறு யூனிட் தின்னும். இது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு.

ஆயினும் கடைக்குப் போகிறவர்கள் இன்னும் “எத்தனை வாட்?” என்றே கேட்கிறார்கள். வாட் என்பது விளக்கு எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு தருகிறது என்பதை அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் லூமென் எண்தான் சொல்லும். இரண்டு பல்புகளின் வாட் ஒன்றாயிருந்தும் லூமென் வேறாயிருப்பதை நானே கடையில் எடுத்து ஒப்பிட்டிருக்கிறேன். மேலும், குண்டு பல்பு எல்லாத் திசையிலும் ஒளி வீசியது. இந்தப் புதிய பல்பின் கழுத்துப் பாதி ஒளி விடாது. முன்பக்கமே அதிகம் வீசும். அதைப் பழைய வழக்கப்படி சுவரில் படுக்கைவாட்டில் மாட்டினால், வெளிச்சம் தரைக்கு வராமல் எதிர்ச் சுவருக்கும் எதிரே இருப்பவர் கண்ணுக்கும் போகிறது. பின்பு, “எல்.இ.டி. கண்ணைக் குத்துகிறது” என்று குறை சொல்கிறோம். குத்துவது விளக்கு அன்று, வைத்த விதம். அதன் கழுத்துக்குள் இருக்கும் சிறு மின்கருவி சூடு தாங்காது. காற்றுப் புகாத கிண்ணத்துக்குள் அடைத்தால் பல ஆண்டு எரியவேண்டியது விரைவில் கெட்டுவிடும். பெட்டியில் 6500 என்ற எண் இருந்தால் வெள்ளை வெளேரென்ற ஒளி. 2700 என்றால் அகல் விளக்கைப்போல் மஞ்சள் ஒளி. உறங்கப் போகும் நேரத்துக்கு மஞ்சளே இதமானது. நம்மவருக்கு வெள்ளைமேல் உள்ள மோகம் விளக்கையும் விடவில்லை.

ஒளி தேவையில்லாத இடத்திலும் விழுகிறது என்பதற்கு எங்கள் கடற்கரையே சாட்சி. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி மணலில் முட்டையிடும். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சமான அடிவானம் எதுவோ அதை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். இப்போது கடற்கரை விடுதிகளின் விளக்குகள் அதைவிட ஒளியாக இருப்பதால், குஞ்சுகள் திசை மாறி ஊர்ப்பக்கம் ஓடி மடிகின்றன. அந்த விளக்குகளுக்கு மேலே ஒரு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினாலே பாதித் தீங்கு குறையும்.

அந்தப் பையன் வீட்டு விஷயத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

பெற்றோர் கூட்டம் நடந்த மறு வாரம், வயர்மேன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டாவது விளக்குப் போட விதி இடம் தராது. இருந்ததை இடம் மாற்றினோம். பையன் உட்காரும் மூலைக்குக் கம்பியை நீட்டி, இடப் பக்கமாக, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொங்கவிட்டோம். அவன் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டான். எழுத்து பத்தே நாளில் நேராயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றோர் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, என் சாதனையைக் காட்டுவதற்காகவே ஒரு மாலை அங்கே சென்றேன்.

பையனின் தாயார் உப்பு வாரும் தொழிலாளி. கோடையில் வெயிலும் உப்பின் கூச்சமும் கண்ணைப் பறிக்கும் என்பதால், அவர்கள் விடியுமுன்பே, இரவு மூன்று மணிக்கெல்லாம் அளத்தில் இறங்கிவிடுவார்கள். உப்பை வாரிக் கூடையில் சுமந்து வரப்பில் குவித்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவார்கள். அதற்கு முன்னே வீட்டாருக்குச் சோறு பொங்கி வைக்கவேண்டும். அந்த அம்மாள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் தயங்கி நின்றார். பிறகு, “பெரிய சார், கோவிச்சுக்காதீங்க. பல்பு வாசல்ல இருந்தப்போ அடுப்பாண்ட கொஞ்சம் வெளிச்சம் அடிக்கும். இப்போ அரைச்சுவரு மறைச்சுடுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சிம்னியை வெச்சுக்கிட்டுத்தான் ஆக்குறேன். அதைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்ப முடியுமா?” என்றார்.

நான் அவருக்கு உடனே விடை சொல்லவில்லை. அடுப்படியை எட்டிப் பார்த்தேன். சிம்னி விளக்கு ஒரு டப்பாவின்மேல் இருந்தது. என் தாயார் காலமாகி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வயர்மேன் மறுபடியும் வந்தார். அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த மண் சுவர் நாலடி உயரமே. அதன் ஓரத்தில் கூரையைத் தாங்கும் நடுக்கால் ஒன்று நின்றது. அந்தக் காலில், சுவருக்கு மேலே ஓரடி விட்டு, ஹோல்டரைப் பொருத்தினோம். பையனைச் சுவரை விட்டு இரண்டடி தள்ளி உட்காரச் சொன்னோம். ஒரு பக்கம் மரப்பெட்டி; மறுபக்கம் அடுப்பு. இரண்டுக்கும் விளக்கு ஏறக்குறைய ஒரே தூரம். பையனுக்கு முன்பு கிடைத்ததைவிட வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான். புகைக்கரி படிவதால் பல்பை வாரம் இருமுறை துடைக்கவேண்டும் என்று சொல்லி, அந்த வேலையை அவனுக்கே கொடுத்தேன். சுவிட்சு எங்கே என்று அம்மாள் கேட்டார். அடுப்படிப் பக்கமாகவே வைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பையன் என் அறை வாசலில் வந்து நின்றான். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா சுவிட்சைப் போட்டதும் தனக்கு விழிப்பு வந்துவிட்டதென்றும், சிறிது நேரம் சுவருக்கு மேலே எட்டி, அம்மா சோறு வடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனதாகவும் சொன்னான். வீட்டுப் பாடத்தை முடித்தானா என்று நான் கேட்கவில்லை.